மூன்றாம் ஓலைக்கு முன்

அன்புள்ள மகளுக்கு,

கடிதத்தின் தலையில் நான் எப்போதும் போடும் 'சே. ம. சூ.' இதில் இல்லாததை நீ முதலில் கவனித்திருப்பாய். சேசு, மரி, சூசை மூவர் பெயரையும் எழுதாமல் நம் வீட்டில் பால்காரனுக்குக்கூடச் சீட்டு எழுதியதில்லை. இன்று பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். இதை நீ உட்கார்ந்து படி. ஹாஸ்டல் வாசலில் நின்றுகொண்டு, பஸ்ஸுக்கு ஒரு கண்ணும் காகிதத்துக்கு ஒரு கண்ணுமாகப் படிக்காதே. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் பூதலூர் கடைத்தெருவில் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று, மேலே ஓடுகிற மீட்டரைப் பார்த்துக்கொண்டு சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது. அதைவிட, நீ எதிர்முனையில் சும்மா இருந்துவிட்டால் என்னால் தாங்க முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை உன் கல்யாண ஓலையை இரண்டாம் முறையாக வாசித்தேன். பங்குச்சாமியார் நம் கிளை ஊருக்கு மாதத்தில் இரண்டு முறைதான் வருகிறார், மற்ற ஞாயிறுகளில் ஜெபம் சொல்வதும் ஓலை வாசிப்பதும் உபதேசியாராகிய என் வேலை என்பது உனக்குத் தெரியும். முப்பது வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்கு வாசித்திருக்கிறேன். மூன்று ஞாயிறு தொடர்ந்து வாசித்து, இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லும்படி சபையைக் கேட்டுக்கொள்வேன். கேட்டுவிட்டு நோட்டை மூடுவதற்கு முன் ஒரு மூச்சு நேரம் சும்மா நிற்பேன். யாரும் எழுந்ததில்லை. உன் பெயரை வாசித்து அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு நின்றபோது எனக்கு வேர்த்தது. தடை தெரிந்த ஆள் அந்தக் கோயிலில் ஒருவன் இருந்தான், அவன் கையில்தான் நோட்டு இருந்தது.

விஷயம் இதுதான். உன் மாமனார் வீட்டாருக்கு நீ கம்பெனியை விட்டு வந்தது தெரியாது. நான் சொல்லவில்லை. சொல்லிவிட்டேன் என்று உன்னிடம் சொன்னது பொய்.

தவக்காலத்தில் நீ எழுதிய அந்த நீளக் கடிதத்தை நான் எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டேன், காலையில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன், மத்தியானம் ஒரு ஸ்டூடியோவில் ஒலிப்பதிவுக்கு உதவியாக இருக்கிறேன், சனி ஞாயிறுகளில் சிநேகிதிகளோடு சென்னையைச் சுற்றியிருக்கும் ஏரிகளை அளந்து படம் போடுகிறேன் என்று எழுதியிருந்தாய். மூன்றையும் ஒரே சந்தோஷத்தோடு எழுதியிருந்தாய், அதுதான் என்னை எரிச்சல்படுத்தியது. ஏரியை அளந்து என்ன வரும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை, ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கடிதத்தை அம்மாவிடம்கூட முழுசாகக் காட்டாமல் மடித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தேன். ஈஸ்டர் முடிந்த கையோடு மயிலாடுதுறையிலிருந்து இந்தச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை அமெரிக்கா, நல்ல குடும்பம், நம்மைப் போல கோயிலை ஒட்டி வளர்ந்தவர்கள். நீ வந்தாய், பையனின் போட்டோவைப் பார்த்தாய், சரி என்றாய். ஒரே ஒரு நிபந்தனை போட்டாய். "நான் ஒண்ணை மட்டும் பிடிச்சிட்டு இருக்கிற ஆள் இல்லைன்னு அவங்ககிட்ட தெளிவா சொல்லிடுங்கப்பா. அப்புறம் ஏமாத்திட்டாங்கன்னு யாரும் சொல்லக் கூடாது." நான் தலையாட்டினேன்.

பெண் பார்க்க வந்த அன்று நீ காப்பி எடுக்க உள்ளே போனாய். உன் மாமனார் கேட்டார்: "பொண்ணு அந்தக் கம்பெனியிலதானே இருக்கு?" நான் சொன்னேன்: "ஆமாங்க." அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. யோசித்துச் சொன்ன பொய்யாக இருந்தால்கூட மனசு ஆறியிருக்கும் போலிருக்கிறது. கொட்டாவி வருகிற மாதிரி வந்தது. நீ தட்டோடு வெளியே வந்தாய், எல்லாரும் சிரித்தார்கள், அம்மா முறுக்கை நகர்த்தி வைத்தாள். மறுநாள் உன்னை ரயில் ஏற்ற வந்தபோது பூதலூர் ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் கேட்டாய்: "சொல்லிட்டீங்களாப்பா?" "சொல்லிட்டேன்ம்மா." "என்ன சொன்னாங்க?" "அதனால என்னன்னாங்க." நீ என் தோளில் தலையை வைத்தாய். பத்து வயதுக்குப் பிறகு நீ அப்படிச் செய்ததே இல்லை. வண்டி கிளம்பிப் போன பிறகும் நான் அங்கேயே நின்றிருந்தேன்.

மாப்பிள்ளை போனில் மூன்று தடவை பேசினார் என்றும், "வேலையெல்லாம் எப்படிப் போகுது" என்று கேட்டார் என்றும், "எல்லாம் நல்லா போகுது" என்று நீ சொன்னாய் என்றும் எழுதினாய். அவர் கேட்டது ஒரு வேலையை, நீ சொன்னது மூன்று வேலைகளை. இரண்டு பேரும் சந்தோஷமாகப் போனை வைத்திருக்கிறீர்கள். நடுவில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். நீ எட்டாம் வகுப்பில் சேர்ந்தபோது பள்ளிக்கூடத்தில் ஒரு விண்ணப்பம் கொடுத்தார்களே, அது உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. தந்தை தொழில் என்று ஒரு கட்டம். நீயே பூர்த்தி செய்தாய். உபதேசியார், பம்புசெட் மோட்டார் காயில் கட்டுபவர், ஹோமியோபதி மருந்து கொடுப்பவர், ரப்பர் ஸ்டாம்பு வெட்டுபவர், மனு எழுதுபவர், ஆர்மோனியம் வாசிப்பவர் என்று எறும்பு எழுத்தில் நெருக்கி நெருக்கி எழுதி, கட்டம் போதாமல் ஓரத்தில் மேலே ஏற்றியும் எழுதியிருந்தாய். அலுவலகத்தில் இருந்தவர் அதைப் படித்துவிட்டு, "உபதேசியார் வீடா, பலசரக்குக் கடையா?" என்றார். நீயும் சேர்ந்து சிரித்தாய், உனக்கு அது பெருமையாக இருந்தது. எனக்குச் செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் அடித்துவிட்டு 'உபதேசியார்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். ஆனாலும் பெயர் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது. பலசரக்கு உபதேசியார். என் முன்னால் யாரும் சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் சொல்லாதவர்கள் இல்லை.

அந்த வருஷங்களில் ஊரே மாறிக்கொண்டிருந்தது. தஞ்சாவூரில் தெருவுக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டர் போர்டு. நம் தெருவிலேயே நடவுக்குப் போய்க்கொண்டிருந்த வீட்டுப் பிள்ளை கம்ப்யூட்டர் ஒன்றையே கட்டிக்கொண்டு அழுது படித்து, பிளேன் ஏறிப் போனான். ஆற்றில் தண்ணீர் வருமா வராதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அவன் அப்பா, அவன் போன பிறகு வானத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். நான் என்னைப் பார்த்தேன். ஐம்பது வயதில் ஆறு வேலை தெரியும், ஆறிலும் அரைகுறை. அப்போது நீ என்ன செய்துகொண்டிருந்தாய்? கோயிலில் ஆர்மோனியம் வாசித்தாய். பழுதான ரேடியோக்களைப் பிரித்து மேய்ந்தாய். வாய்க்காலில் தண்ணீர் வரும் நாளையும் அளவையும் ஒரு நோட்டில் குறித்தாய். அச்சு அசல் நான். அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். எனக்கோ பயமாக இருந்தது.

அந்தப் பயத்தில்தான் நீ பிளஸ் டூ படிக்கும்போது உன்னை வேளாங்கண்ணிக்குக் கூட்டிப்போனேன். பரீட்சைக்கு வேண்டிக்கொள்ள என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன். மாதா முன்னால் உன் கையில் மெழுகுவத்தியைக் கொடுத்து, என் கையை அதன் மேல் வைத்து, சத்தமாக நேர்ந்துகொண்டேன்: இவள் ஒரே படிப்பில் நின்று ஒரு நல்ல வேலைக்குப் போனால், தாயே, இவள் இனி ஆர்மோனியத்தைத் தொட மாட்டாள். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். மெழுகு உருகி உன் விரலில் விழுந்தது, நீ கையை இழுக்கவில்லை. மொட்டை போடுகிறேன், நடந்து வருகிறேன் என்று ஊரெல்லாம் தன் உடம்பைத்தான் நேர்ந்துகொள்கிறது. நான் ஒருவன்தான் மகளின் சந்தோஷத்தைத் தூக்கிக் காணிக்கை வைத்தவன்.

நீ அதைக் காப்பாற்றினாய். ரேடியோவும் வாய்க்கால் நோட்டும் தாமாகவே போயின. கிறிஸ்துமஸுக்கு வந்தால் பாடகர்களோடு நின்று பாடுவாய், ஆர்மோனியப் பெட்டியிலிருந்து இரண்டு அடி தள்ளி நிற்பாய். நான் எனக்குத் தெரிந்த அந்த மூன்று மெட்டுகளை வைத்து ஒப்பேற்றுவேன். தவக்காலக் கடிதத்தின் கடைசியில் நீ எழுதியிருந்த வரி எனக்கு மனப்பாடம். 'ஆர்மோனியத்தை மட்டும் தொடவில்லை அப்பா, அது நீங்கள் மாதாவுக்குக் கொடுத்த வாக்கு.' ஒரு கதவை நான் சாத்தினேன், நீ மூன்று கதவைத் திறந்துகொண்டாய் என்று அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இனி இந்த வாரம் நடந்ததைச் சொல்கிறேன். திங்கட்கிழமை காலை சம்பந்தி முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். முகமெல்லாம் சிரிப்பு. மாப்பிள்ளை தன் கம்பெனியில் உனக்காகப் பேசிவைத்திருக்கிறாராம். "பொண்ணு அங்க போயி வீட்டுல சும்மா உக்காந்திருக்க வேணாம் சம்பந்தி. அந்தக் கம்பெனில இத்தனை வருஷமா வேலை பாக்குதுன்னு ஒரு லெட்டர், சீல் வச்சு, சனிக்கிழமைக்குள்ள வாங்கிக் குடுத்துடுங்க. மிச்சத்த தம்பி பாத்துக்கும்" என்றார். உன்மேல் அத்தனை அக்கறை அவருக்கு. அப்போதாவது சொல்லியிருக்கலாம். "வாங்கிடலாங்க" என்றேன். ஒரு ஆமாங்கவுக்குத் துணையாக ஒரு வாங்கிடலாங்க.

அம்மாடி, இனி வருவதை எழுத வெட்கமாக இருக்கிறது. செவ்வாய்க்கிழமை தஞ்சாவூர் போய், ஒரு டைப் அடிக்கும் கடையில், நீ இன்னும் அந்தக் கம்பெனியில் இருப்பதாக ஒரு கடிதம் அடித்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து, பழைய ஹவாய் செருப்பின் குதிகாலை அறுத்து, உன் வேலை உத்தரவில் இருந்த வட்ட சீலைப் பார்த்துப் பார்த்து, பிளேடால் வெட்டினேன். கூட்டுறவுச் சங்கத்துக்கும் மகளிர் குழுவுக்கும் வெட்டிக் கொடுத்த கை. எழுத்தைத் தலைகீழாகத் திருப்பி வெட்ட வேண்டும், ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. இத்தனை வருஷத்தில் நான் செய்த வேலைகளிலேயே சுத்தமான வேலை அதுதான். அரைகுறை என்று நானே என்னைத் திட்டிக்கொண்டேனே, அன்று ஒரு குறையும் இல்லை. மையில் தோய்த்து, சரியாக விழுகிறதா என்று பார்க்கக் கைக்கு எட்டிய நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒத்தினேன். பளிச்சென்று விழுந்தது.

அம்மா அதைப் பார்த்துவிட்டாள். நோட்டைப் புரட்டி அட்டையைப் பார்த்தாள். அது ஓலை நோட்டு. எல்லாவற்றையும் அவளிடம் அப்போதுதான் சொன்னேன். அவள் நோட்டை என் மடியில் வைத்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை இதையும் சேத்து வாசிப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இன்று காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு பங்குக்கோயிலுக்குப் போனேன். புதிதாக வந்திருக்கும் சாமியார் சின்ன வயசுக்காரர், என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கிறவர். பாவசங்கீர்த்தனம் செய்தேன். சம்பந்தியிடம் சொன்ன பொய்யைச் சொன்னேன், வெட்டிய சீலைச் சொன்னேன். அவற்றுக்குப் பரிகாரம் எனக்கே தெரியும், போய் உண்மையைச் சொல்ல வேண்டும், அதையேதான் அவரும் சொன்னார். கடைசியில் வேளாங்கண்ணி நேர்ச்சையைச் சொல்லி, அதிலிருந்து உன்னை விடுவிக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். அவர், "உபதேசியாரே, அடுத்தவங்க பேர்ல யாரும் நேர்ந்துக்க முடியாது. நேர்ந்தவங்களைத்தான் அது கட்டும். உங்க பொண்ணுக்கு அப்படி ஒரு நேர்ச்சையே கிடையாது, என்னைக்குமே கிடையாது" என்றார். ஊருக்கெல்லாம் ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தவன் நான். இது எனக்குத் தெரியாதா? தெரியும் மகளே. எங்கோ ஒரு மூலையில் தெரியும். தெரியாதவன் போல ஏழு வருஷம் இருந்தேன். திரும்பி வரும் வழியில் சைக்கிளை நிறுத்திவிட்டு, பாலத்தின் மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். நடவுக்குப் போன பெண்கள் பார்த்துவிட்டு, கல்யாணத்துக்கு முன்னாலேயே அப்பாவுக்கு அழுகை வந்துவிட்டது என்று கிண்டல் செய்துகொண்டு போனார்கள்.

உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. நீயும் நானும் ஒன்று என்று இத்தனை நாள் நினைத்துப் பயந்தேன். பாலத்தின் மேல் உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது, இல்லை. நான் ஒவ்வொன்றிலும் கஷ்டமான இடம் வந்ததும் அடுத்ததற்குத் தாவினவன். நான்காவது மெட்டு வரவில்லை என்றதும் ஆர்மோனியத்தை விட்டுவிட்டு மருந்துப் புத்தகத்தை எடுத்தேன். நீ அப்படியில்லை. பிடிக்காத கம்ப்யூட்டர் படிப்பைக்கூட முழுசாக முடித்துவிட்டுத்தான் இறங்கினாய். பல விஷயங்களில் ஆசை வைப்பது குற்றமில்லை. எதிலிருந்தாவது ஓடுவதற்காக வைத்தால்தான் அது அரைகுறை. ஒரு நாளைக்கு நீ ஏரியை விட்டுவிட்டு இன்னொன்றுக்குப் போகும்போது, ஆசையில் போகிறாயா, பயத்தில் போகிறாயா என்று உன்னையே ஒரு தடவை கேட்டுக்கொள். எனக்கு அப்படிக் கேட்டுக்கொள்ளத் தெரியவில்லை. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அணை திறக்காத அந்த வருஷம், ஊரில் ஒருவருக்கும் விளைச்சல் இல்லாமல் கோயில் உண்டியல் காய்ந்து கிடந்தபோது, நம் வீட்டில் உலை கொதித்தது நான் பக்கத்து ஊர்களுக்குப் போய் மோட்டார் காயில் கட்டியதால்தான். பலசரக்குதான் உன்னைப் படிக்க வைத்தது. அதை ஒரு நாளும் உன்னிடம் சொன்னதில்லை, ஒரே வேலையில் நில் என்று மட்டும்தான் சொன்னேன்.

நாளை காலை முதல் பஸ்ஸில் மயிலாடுதுறை போகிறேன். தஞ்சாவூரில் இறங்கி இந்தக் கடிதத்தைக் கூரியரில் போட்டுவிட்டு அப்படியே போகிறேன். இது உன் கைக்கு வரும்போது நான் அங்கே சொல்லி முடித்திருப்பேன். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கேவலமாகப் பேசினால் கேட்டுக்கொள்வேன், அது எனக்குரியது, உனக்குரியது இல்லை. அவர்கள் சரி என்று சொன்னாலும் மூன்றாம் ஓலையை நானாக வாசிக்க மாட்டேன். மாப்பிள்ளையிடம் நீயே உன் வாயால் பேசி, பிறகு எனக்கு வாசியுங்கள் என்று சொன்னால்தான் வாசிப்பேன். என்மேல் வைத்திருந்த நம்பிக்கை உனக்குப் போயிருக்கும். திரும்பக் கொடு என்று கேட்க எனக்கு வாயில்லை. செருப்பில் வெட்டிய சீலையும் அந்தப் பொய்க் கடிதத்தையும் அம்மா அடுப்பில் போட்டுவிட்டாள், வீடு முழுக்க நாற்றம். நோட்டில் விழுந்த சீலை நான் கிழிக்கவில்லை. இருக்கட்டும்.

மத்தியானம் கொல்லையில் நின்று ஒத்திகை பார்த்தேன். சம்பந்தி கேட்பார், "அப்ப பொண்ணு என்னதாங்க பண்ணுது?" என்று. நான் சொல்லப்போவதைச் சத்தமாகவே சொல்லிப் பார்த்தேன்: "காலையில பள்ளிக்கூடத்துல பாடம் எடுக்கிறா. மத்தியானம் ஸ்டூடியோவுல ஒலிப்பதிவு பண்றா. சனி ஞாயிறு ஏரி அளக்கிறா. சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரமாகுங்க, காப்பி ஆறினாலும் பரவாயில்ல, முழுசா கேளுங்க." அம்மா அடுப்படி ஜன்னலிலிருந்து கேட்டாள்: "ஆர்மோனியத்த விட்டுட்டீங்களே?"

அதைச் சேர்த்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்றேன். அதை நீதான் சொல்ல வேண்டும் மகளே. சாயங்காலம் கோயிலைத் திறந்து ஆர்மோனியப் பெட்டியைத் துடைத்து வைத்திருக்கிறேன். மேல் ஸ்தாயிக் கட்டை ஒன்று ஒட்டிக்கொண்டு எழும்ப மாட்டேன் என்கிறது. அதை மட்டும் நான் தொடவில்லை.

உன் அப்பா

சே. ம. சூ.